அப்பாச்சியின் பெயரைத் தேடிப் போன தீவுகள்

நாற்பது வருடங்களாக என் அப்பாச்சி ஓர் ஆறாக இருந்தார்.

மலாயாவில், ஈப்போவில் அப்பாவின் திதிக்கு வரும் ஐயர் என் விரலில் தர்ப்பையை மாட்டிவிட்டு மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார். ஆண்கள் பக்கம் எனக்குத் தடங்கல் இல்லை. அப்பா, அவருடைய தகப்பன் என் அப்பப்பா வேலுப்பிள்ளை, அவருக்கும் தகப்பன் கந்தர். பெண்கள் பக்கம் அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவேன். அப்பாவின் தாயார் பெயர் தெரியாது. "பரவாயில்லை, கங்கை என்று வைத்துக்கொள்வோம்" என்பார் ஐயர். முதல் தடவை அப்படிச் சொன்னபோது எனக்கு அழகாகத்தான் இருந்தது. முப்பதாவது தடவை சொன்னபோது வெட்கமாக இருந்தது.

அப்பா இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அவர் தன் தாயை 'ஆச்சி' என்றே சொல்லுவார். பெற்றவளின் பெயரைப் பிள்ளை வாயால் சொல்வது அந்தக் காலத்து வழக்கமல்ல. பிறந்த இடத்தையும் 'தீவு' என்பதற்கு மேல் சொன்னதில்லை. அம்மா மலாயாவிலேயே பிறந்தவர். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அப்பப்பாவின் ஊர் சரவணை.

எண்பத்திரண்டாம் ஆண்டு மார்கழியில் டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் எண்ணினார். எதையும் எண்ணுகிற பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் இன்னொருவர் என்னை எண்ணுவது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். நான் போன பிறகு என் மகன் சொல்லும் பட்டியலில் அப்பாச்சி கடைசி இடத்துக்குத் தள்ளப்படுவார். பேரன் காலத்தில் பட்டியலிலேயே இருக்கமாட்டார். பெயரில்லாமலே அவர் முடிந்துபோவார். அடுத்த ஆண்டு மாசியில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினேன்.

என்னைக் கூட்டிப்போனவர் பரமசாமி. என் மனைவியின் சித்தப்பா மகன். குருநாகலில் கடை வைத்திருந்து, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஊரோடு வந்தவர். அவரிடம் ஒரு பழைய ஒஸ்ரின் கார் இருந்தது. அதன் நான்கு கதவுகளில் இரண்டுதான் திறக்கும்.

முதல் நாள் தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலத்தைக் கடந்தோம். இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்தில் கடல். அதில் கொக்குகள் நின்றன. எண்ணத் தொடங்கினேன். நூற்றுப் பதினான்கில் எல்லாம் ஒரே முட்டாக எழும்பிப் பறந்துவிட்டன.

"எண்ணிப்போட்டு ஆரிட்டைக் கணக்குக் குடுக்கப்போறியள், அத்தான்?" என்றார் பரமசாமி.

"காரைப் பார்த்து ஓட்டும். முன்னாலை புகை வருகுது."

புகை எங்கள் காரிலிருந்துதான் வந்தது. மண்கும்பானில் அது நின்றேவிட்டது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்க, பரமசாமி வாளியோடு நல்ல தண்ணீர்க் கிணறுகள் உள்ள சாட்டிப் பக்கம் நடந்தார். பொறுமையில்லாமல் நானும் பின்னால் போனேன். அங்கே கிணற்றடியில் நின்ற ஒரு பெண் வாளியைக் கண்டதும் கயிற்றைக் கையில் தரமாட்டேன் என்றுவிட்டாள்.

"காருக்கோ? காருக்கு உவர்த்தண்ணி காணும். அங்காலை கிடக்கு. நல்ல தண்ணியை நீங்கள் குடிச்சிட்டுப் போங்கோ."

குடித்தோம். சாட்டித் தண்ணீர் பற்றி அப்பா சொன்ன நினைவு இல்லை. ஆனால் ஈப்போவில் குழாயடியில் நின்று ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்துக் குடிப்பாரே, அந்தச் சுளிப்பு எதனோடு ஒப்பிட்டுச் சுளித்தது என்று அன்றைக்கு விளங்கிற்று.

சரவணையில் ஓர் ஓய்வுபெற்ற தபாலதிபரைப் பிடித்தோம். சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி அவர் என்னை விசாரித்தார்.

"வேலுப்பிள்ளையோ? எங்கட சனத்துக்குள்ளை ஏழு வேலுப்பிள்ளையள். எந்த வேலுப்பிள்ளை?"

"கந்தரின்ரை மகன்."

"கந்தரின்ரை மகன் வேலுப்பிள்ளை மூண்டு பேர்."

இந்த மனிதர் எனக்குப் பிடித்துப்போனார். பனங்கிழங்கு அவித்துக் கொடுத்தார். நான் ஐந்து சாப்பிட்டேன். ஆறாவதை உரிக்கும்போது அவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"ஒருத்தர் நெடுந்தீவிலை கலியாணம் முடிச்சுப் போனவர் எண்டு எங்கட அப்பு சொல்லுவார். போனவர் போனதுதான். பேந்து ஒரு தொடுசலும் இல்லை."

"பொம்பிளையின்ரை பேர் என்ன?" என்று நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"அது எங்களுக்கு எப்பிடித் தெரியும்? நாங்கள் மாப்பிளையைக் குடுத்த பகுதியெல்லோ!"

காரில் ஏறியபின் பரமசாமி விளக்கினார். வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்குப் போகும். மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவான். இத்தனை வருடம் அப்பப்பாவின் வீட்டைத் தேட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வீடே கிடையாது. இருந்தது அப்பாச்சியின் வீடு.

இரண்டாம் நாள் குறிகட்டுவான் துறைக்குப் போய்ச் சேர, நெடுந்தீவு வள்ளம் எங்கள் கண்முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் குடையை ஆட்டிக் கூப்பிட்டேன். அதிலிருந்த ஒருவர் பதிலுக்குக் கையசைத்தார். இனி அடுத்த நாள்தான். பரமசாமி அலட்டிக்கொள்ளவில்லை. "நயினாதீவுக்குப் போய் அம்மாளைக் கும்பிட்டிட்டு மடத்திலை படுப்பம்" என்றார்.

நயினாதீவு வள்ளத்தில் பாதிப்பேர் கோயிலுக்குப் போகிறவர்கள். மீதிப்பேர் விகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்கள். வெள்ளைச் சேலை உடுத்த ஒரு சிங்களத் தாய் என்னை உற்றுப் பார்த்து ஏதோ கேட்க, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பரமசாமி மொழிபெயர்த்தார். "இந்த மாத்தையா எங்களை எண்ணுகிறாரே, வள்ளம் தாழும் என்று பயப்படுகிறாரா?" என்று கேட்டாளாம்.

"அறுபத்திரண்டு பேர். அதோடை மூன்று சாக்கு அரிசி. பயமில்லாமல் என்ன செய்யிறது எண்டு சொல்லும்."

அவர் சொன்னார். அந்த அம்மாள் தன் மடியில் இருந்த தாமரைப் பூக்களில் ஒன்றை எடுத்து, பயம் தெளிய வைத்துக்கொள் என்பதுபோல் என் கையில் தந்தாள். அதை நாகபூசணி அம்மன் சந்நிதியில் வைத்தேன். அந்த வருடம் ஆடியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அப்படி ஒரு வள்ளத்தில் அப்படி ஒரு கூட்டம் போயிருக்காது. அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. இருமல் மருந்து கொண்டுவராததுதான் பெரிதாகத் தோன்றிற்று.

மடத்தில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் போட்டார்கள். ஈப்போவில் எங்கள் வீட்டுச் சமையலில் மலாய் வாசம் எப்போது புகுந்தது என்று தெரியாது. இந்தச் சாப்பாட்டில் அது இல்லை. அம்மா இல்லாத நாற்பது வருடத்தில் முதல் தடவையாக மறுசோறு வாங்கினேன்.

மூன்றாம் நாள் நெடுந்தீவு வள்ளம். கடல் அமைதி என்று எல்லாரும் சொன்னார்கள். அமைதியான அந்தக் கடல் என் குடையைப் பறித்துக்கொண்டு போயிற்று. இரண்டு ஆடுகள் என் காலணியின் வாரை மென்றன. நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட, ஓட்டி அதைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, "இதுக்கு இப்பிடித்தான் வாய்க்கும்" என்றான். நானும் பரமசாமியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தோம் என்பதைக் கரையில் இறங்கிய பிறகுதான் கவனித்தோம்.

நெடுந்தீவில் நிறம் இரண்டுதான், வெள்ளையும் வெயிலும். வளவுகளைச் சுற்றி வேலிக்குப் பதில் கடற்கல்லை அடுக்கிய மதில்கள். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் நிற்கிறது. உழவு இயந்திரப் பெட்டியில் எங்களை ஏற்றினார்கள். வழியில் காட்டுக் குதிரைகள் நின்று பார்த்தன. பதினேழு. ஈப்போவில் மழை பெய்து பெய்து எதற்கும் ஓர் ஓரம் இல்லாமல் பச்சை மூடிக்கிடக்கும். இங்கே ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கு இது ஆறுதலாக இருந்தது. எண்ணலாம்.

சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரருக்கு என் வயது இருக்கும். அப்பப்பாவின் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் ஒழுங்காகச் சொன்னேன். அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"வீடு தேடுறியளோ, ஆளைத் தேடுறியளோ?"

"வீட்டைத்தான்."

"ஆம்பிளையின்ரை பேரிலை வீடு தேடினால் எங்கை கிடைக்கும் ஐயா? அதுகும் வந்த மாப்பிளை. பொம்பிளையின்ரை பேரைச் சொல்லுங்கோ, கண்ணைக் கட்டிக்கொண்டு கூட்டிக்கொண்டு போறன்."

"அந்தப் பேரைத் தெரிஞ்சுகொள்ளத்தான் வீட்டைத் தேடுறன்."

"அப்ப வீடு தெரியவேணுமெண்டால் பேர் வேணும், பேர் தெரியவேணுமெண்டால் வீடு வேணும்." அவர் பரமசாமியைப் பார்த்தார். "ஐயா பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிச்சவரோ?"

"கந்தோரிலை கிளாக்கர்" என்றார் பரமசாமி. "நல்லா எண்ணுவார்."

எனக்குக் கோபம் வந்தது. சிரிக்கிற விஷயமா? அடுத்த நாள் அமாவாசை, அதற்கடுத்த நாள் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். இன்னொரு தடவை கடல் தாண்டி வர இந்த நெஞ்சு விடாது. கடை வாங்கில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்மதில்கள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. இவற்றில் ஏதோ ஒன்றுக்குள் அப்பா தவழ்ந்திருக்கிறார். எதற்குள் என்று கேட்க எனக்கு ஒரு சொல் இல்லை.

கடைக்காரர் இளகிய மனிதர். அன்று அவர் வீட்டில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற் கூழ். பெரிய பானையோடு கொண்டுவந்து வைத்து, பனையோலைப் பிளாக்களை மடித்து எங்கள் இருவருக்கும் வார்த்தார். மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, நண்டு. நான் நண்டுக் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் ஒதுக்கினேன்.

"ஏன், நண்டு ஒத்துக்கொள்ளாதோ?"

"அப்படி இல்லை. எங்கட வீட்டிலை நண்டு ஏத்திறதில்லை. அப்பா கூழுக்கு எல்லாம் போடுவிப்பார், நண்டு மட்டும் விடமாட்டார். கண்டால் எழும்பிப் போயிடுவார்."

அகப்பை பானைக்கு மேலே நின்றுவிட்டது.

"ஐயா, இதையெல்லோ முதல் சொல்லியிருக்கவேணும்" என்றார் கடைக்காரர். "கூழுக்கு நண்டு போடாத வீடு இந்தத் தீவிலை ஒண்டே ஒண்டுதான்."

பிறகு அவர் தணிந்த குரலில் சொன்னார். வெளியூரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை. கடல் பழக்கம் இல்லாதவர். இரண்டு சிறுபிள்ளைகளை விட்டுவிட்டு ஒருநாள் கடலில் போய்விட்டார். மூன்றாம் நாள் உடல் கரைக்கு வந்தபோது நண்டுகள் மொய்த்திருந்தனவாம். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் நண்டு போகாது.

அப்பாவுக்கு நண்டு அருவருப்பு என்று நாங்கள் பிள்ளைகள் அவரைக் கேலி செய்திருக்கிறோம். கூழை வைத்துவிட்டேன். பரமசாமியும் தன் பிளாவிலிருந்த நண்டை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார்.

வீடு கடைக்குப் பின்னால் நான்காவது வளவு. அங்கே எண்பத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் பாயில் இருந்து பழப்புளி கோதிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார், அவருடைய மனைவி இவர், எனக்குச் சின்னம்மா என்பதெல்லாம் பேசப்பேசத்தான் தெரிந்தது. அப்பாச்சிக்குப் பெண்பிள்ளை இல்லை. அதனால் வீடு இளைய மகனிடம் நின்றுவிட்டது.

"மலாயாவுக்குப் போன பெரியத்தானின்ரை பெடியனோ நீ?" என்றார். எனக்கு அறுபத்தெட்டு வயது. "ஏன் மோனை கொப்பர் பேந்து இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கேல்லை?"

"எனக்குப் பதினொரு வயதிலை காய்ச்சலிலை செத்துப்போனார், சின்னம்மா."

புளியங்கொட்டைகள் அவர் மடியிலிருந்து உருண்டன.

"செத்தவர் எண்டு இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாதே. மாமி தான் சாகுமட்டும் அவருக்குத் திதி குடுக்க விடேல்லை. உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு எள்ளுத்தண்ணியோ எண்டு பேசுவா."

அந்த மாமிதான் என் அப்பாச்சி.  "மாமியின்ரை பேர் என்ன, சின்னம்மா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "மாமியின்ரை பேரை மருமகள் சொல்லுறதோ?"

"எனக்கு மட்டும். மெதுவாய்."

"எனக்கு ஏலாது. அவ இருக்கேக்கையும் சொல்லேல்லை, போனாப்பிறகும் சொல்லேல்லை. சாகப்போற நேரத்திலை சொல்லுவிக்கிறாய்."

பரமசாமி பேசிப் பார்த்தார், கடைக்காரர் பேசிப் பார்த்தார். கடைக்காரருக்கோ அந்தக் காலத்து 'ஆச்சி'யைத்தான் தெரியும், பெயர் தெரியாது. நூறு வருட மௌனத்தை இந்த மூதாட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டு பழப்புளி கோதினார். நான் முற்றத்துக் கோழிகளை எண்ணினேன். ஒன்பது. திரும்ப எண்ணினேன். கதறவேண்டும்போல இருந்தது.

"உதிலை இரு மோனை. குஞ்சு பள்ளிக்கூடத்தாலை வரட்டும். அவளைக் கேள்."

குஞ்சு என்பது சின்னம்மாவின் மகன் வயிற்றுப் பேத்தி. பள்ளிப்பிள்ளை என்று நினைத்தேன். சைக்கிளில் வந்து இறங்கியவள் முப்பத்தைந்து வயது ஆசிரியை. சின்னம்மா என்னைக் காட்டி, "பெரியப்பா. மலாயாவிலையிருந்து" என்று மட்டும் சொன்னார். நான் வரவேற்பு விசாரிப்பு ஒன்றுக்கும் இடம் கொடுக்கவில்லை.

"பிள்ளை, உம்மடை அப்பப்பாவின்ரை தாயாருக்கு என்ன பேர்?"

அவள் சிரித்துவிட்டாள். "ஏன் பெரியப்பா, என்ரை பேர்தான்."

தாயின் பெயரைப் பேத்திக்கு வைத்தவர் சித்தப்பா. வைத்தாரே தவிர, தாயின் பெயராகையால் ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை. சின்னம்மாவோ மாமியின் பெயரைச் சொல்லமாட்டார். ஆகவே குழந்தை குஞ்சு ஆயிற்று, இன்றைக்கும் குஞ்சு.

"நாகமுத்து" என்றாள் அவள், கொஞ்சம் கூச்சத்தோடு. "பழங்காலத்துப் பேர். ரெயினிங் கொலிஜ்ஜிலை பெட்டையள் பகிடி பண்ணுவினம்."

நாகமுத்து. மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதுவரை முகமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு தண்ணீருக்குத் திடீரென்று கையும் காலும், முற்றத்தில் நின்று கடலைப் பார்க்கிற ஒரு தோற்றமும் வந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பரமசாமி கோழிகளை எண்ணுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் புறப்படத்தான் இருந்தேன். தேடியது கிடைத்துவிட்டது, வள்ளத்தைத் தவறவிடக்கூடாது என்பதுதான் நினைப்பு. சின்னம்மா என் கையைப் பிடித்து இருத்தினார்.

"நாளைக்கு அமாவாசை. நீ பேரைத் தேடிக்கொண்டு திரியிறாய். எங்களிட்டைப் பேர் கிடக்குது மோனை, சொல்ல ஆம்பிளை இல்லை."

கணவர் இல்லை. மகனும் இல்லை. பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், குஞ்சுவின் தம்பிமார், ஜெர்மனியில். ஐந்து வருடமாக அந்த வீட்டு முன்னோருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விடப்படவில்லை. நான் ஈப்போவில் தண்ணீரோடு பெயரில்லாமல் நின்ற அதே காலத்தில், இங்கே பெயரோடு தண்ணீரில்லாமல் இருந்திருக்கிறார்கள்.

அன்று இராச் சாப்பாட்டுக்குக் கூழ் காய்ச்சினார்கள். நண்டில்லாமல். அப்பாவின் கூழ் என்று சொல்லவேண்டுமானால் உறைப்பு இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கலாம். நான்கு பிளா குடித்தேன்.

மறுநாள் காலை கோயில் ஐயர் சைக்கிளில் கடற்கரைக்கு வந்தார். இளைஞர், அவசரக்காரர். இன்னும் இரண்டு இடத்துக்குப் போகவேண்டும் என்றார். சின்னம்மாவால் நடக்க ஏலாது. குஞ்சு வந்தாள். பெண்கள் கிட்ட வருவதில்லை என்பதால் என் சட்டையையும் பித்தளைச் செம்பையும் வைத்துக்கொண்டு மேட்டில், தாழைக்குப் பக்கத்தில் நின்றாள். பரமசாமி அவளோடு நின்றார்.

நான் தெற்குப் பார்த்துத் தண்ணீருக்குள் நின்றேன். காற்று மந்திரத்தைப் பிய்த்துப் பிய்த்துக் கொண்டுபோனது. "தகப்பனாருடைய பேர்?" சொன்னேன். "அவருடைய தகப்பனார்?" வேலுப்பிள்ளை. இந்தக் கடலில் போனவர். இதே கரையிலோ என்னவோ ஒதுங்கியவர். கைக்குள் எள்ளு ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. ஐயர் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வார்த்தார். "அவருடைய தகப்பனார்?" கந்தர். பிறகு அம்மாவின் பெயர்.

"தகப்பனாருடைய தாயார் பேர்?"

நாற்பது வருடப் பழக்கத்தில் நாக்கு கங்கை என்று எழும்பியது. நிறுத்தினேன். ஐயர், காற்றில் தனக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, காதை என் பக்கம் சாய்த்து, "பலமாய்ச் சொல்லுங்கோ" என்றார்.

பலமாகச் சொன்னேன். அந்தத் தீவில் அந்தப் பெயரை யாரும் அவ்வளவு உரக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"நாகமுத்து!"

"என்ன, பெரியப்பா?" என்று பின்னால், மேட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

தண்ணீர் சிந்தச் சிந்த நான் திரும்பிப் பார்த்தேன். அவள் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, சட்டையைத் தூக்கிக் காட்டி, இதுவா வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள்.